கடும் இன்ஃபுளுவென்சா: நோயின் போக்கை அறியக் கூட்டாய்வு

இன்ஃபுளுவென்சா காய்ச்சல் கண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரு வாரம் படுத்திருந்து எழுந்துவிடுகின்றனர். உடல்வலியும் இருமலும் மேலும் சில நாட்கள் நீடிக்கலாம். பின்னர் அது மறந்தும் போகிறது. ஆனால் ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒரே வைரசால் தாக்கப்பட்ட இருவருள் ஒருவர் மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி அருந்துகிறார்; மற்றவர் ஐந்தாம் நாள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். இந்த வேறுபாடு எதனால் விளைகிறது என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ அறிவியலின் முன் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 100 கோடி மக்களை இந்நோய் பற்றுகிறது. அவர்களுள் 30 முதல் 50 லட்சம் பேருக்கு அது கடுமையாகிறது. 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை சுவாசக் கோளாறால் மடிகின்றனர்.

இக்கேள்வி அறிஞர்களின் அறிவு நாட்டத்திற்கு மட்டும் உரியதன்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் அருகே நிற்கும் மருத்துவர் அன்றிரவே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். நுரையீரலைக் கெடுப்பது வைரசா, அல்லது வைரசை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் சொந்தப் பாதுகாப்புப் படையா? முன்னதாயின் உடலின் எதிர்ப்பாற்றலுக்குத் துணை நிற்க வேண்டும்; பின்னதாயின் அதனை அடக்க வேண்டும். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்குக் கேடாக முடியலாம்.

விடை கிடைக்காமைக்கு அறிஞர்களின் அக்கறையின்மை காரணமன்று. நோயின் இயல்பே ஆய்வுக்குத் தடையாக உள்ளது. கடும் நோயாளிகள் மொத்தத்தில் சிறு பகுதியினர். எவ்வளவு பெரிய மருத்துவமனையாயினும், ஒரு பருவத்தில் அங்கே சேரும் இத்தகையோர் சிலரே. அவர்களும் நோய் தொடங்கிச் சில நாட்கள் கழிந்த பின்னரே வருகின்றனர். கேடு தொடங்கிய கணத்தை எவரும் பார்ப்பதில்லை. உயிருடன் இருப்பவரின் நுரையீரல் திசுவை வெட்டியெடுத்துப் பார்ப்பதும் பெரும்பாலும் இயலாது. பருவம் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. எனவே பல மருத்துவமனைகளும் பல சோதனைச்சாலைகளும் ஒரே முறையில், ஒரே காலத்தில் இணைந்து பணியாற்றினாலன்றி இந்நோயின் உட்போக்கு புலப்படாது.

வரலாறு தந்த துணுக்குகள்

1918ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இந்தியாவில் ஜூன் மாதம் பம்பாயில் தோன்றியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் எழுந்த இரண்டாம் அலையில் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்று பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். உலகில் வேறெந்த நாடும் இத்துணை உயிர்களை அந்நோய்க்குப் பறிகொடுக்கவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் போலவே, 20 முதல் 40 வயதுக்குட்பட்ட திடகாத்திரமானவர்களும் பெருந்தொகையில் இறந்தது அன்றைய மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. நோய்க்குக் காரணமான கிருமி எதுவென்றே அப்போது தெரியாது. 1892இல் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் ஃபைஃபர் கண்டறிந்த ஒரு பாக்டீரியாவே காரணம் எனப் பலரும் நம்பினர். அந்த பாக்டீரியா இன்றும் இன்ஃபுளுவென்சாவின் பெயரையே தாங்கி நிற்கிறது. தவறான கருத்து மறைந்தது. அது சூட்டிய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

உண்மையான காரணி மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933இல்தான். லண்டனில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவர், நோயாளிகளின் தொண்டைக் கழுவல் நீரை வடிகட்டி, கீரியை ஒத்த தோற்றமுடைய ஃபெர்ரட் என்னும் சிறு விலங்கின் மூக்கில் இட்டனர். விலங்குகளுக்குக் காய்ச்சல் கண்டது. நோயுற்ற ஃபெர்ரட் ஒன்று முகத்தில் தும்மியதால் ஸ்மித்துக்கே காய்ச்சல் வந்து சேர்ந்தது. அவரிடமிருந்து பெற்ற வைரஸ் அவருடைய பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி, பல ஆண்டுகள் சோதனைச்சாலைகளில் வளர்க்கப்பட்டது.

அடுத்த பெரும் கொள்ளைநோய் 1957இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து நோயுற்ற பயணிகளுடன் சென்னைத் துறைமுகத்திற்கு வந்த கப்பல் வழியாக அது இந்தியாவில் நுழைந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுவென்சா மையம் அதன் பரவலைப் பதிவு செய்தது. 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை நாட்டில் 44,51,785 பேர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் அப்பதிவுகள் கூறுகின்றன. பதிவுக்கு வராதவை இரு வகையிலும் மிகுதியாகவே இருந்திருக்கும். எனினும் இவ்வெண்கள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. பதிவான நோயாளிகளுள் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவர் இறந்தார். அந்த ஒருவரை மற்ற 3,999 பேரிடமிருந்து வேறுபடுத்தியது யாது என்பதைக் கூற அப்புள்ளிவிவரங்களால் இயலவில்லை. யார், எங்கே, எத்தனை பேர் என்ற கணக்குகளைத் திரட்டும் ஏற்பாடு அன்றே செம்மையாக இருந்தது. எவ்வாறு என்ற கேள்விக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

1918ஆம் ஆண்டின் புதிருக்கு ஓரளவு விளக்கம் பின்னாளில் கிடைத்தது. அலாஸ்காவில் உறைபனி நிலத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் நுரையீரல் திசுவை 1997இல் ஜோஹன் ஹுல்டின் எடுத்துவந்தார். அதிலிருந்தும், பாதுகாக்கப்பட்டிருந்த பிணப் பரிசோதனைத் திசுக்களிலிருந்தும் ஜெஃப்ரி டாபன்பெர்கரின் குழுவினர் அவ்வைரசின் மரபு வரிசையை முழுமையாகப் படித்தறிந்தனர். 2005இல் அமெரிக்காவில் அவ்வைரஸ் உயர் பாதுகாப்புச் சோதனைச்சாலையில் மீண்டும் உருவாக்கப்பட்டது. 2007இல் கனடாவின் வின்னிபெக் நகரில் குரங்குகளுக்கு அதனைச் செலுத்திப் பார்த்தபோது, அவற்றின் எதிர்ப்பாற்றல் நெறி தவறி, நுரையீரலையே அழித்தது. மறுபுறம், 1918–19இல் இறந்த 58 அமெரிக்கப் படைவீரர்களின் நுரையீரல் திசுக்களை ஆராய்ந்து 2008இல் வெளியான கட்டுரை, அனைத்திலும் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் இருந்ததைக் காட்டியது. வைரஸ் வழி திறந்துவிட, பாக்டீரியா உள்ளே புகுந்து கொன்றது என்பது அதன் முடிவு. இரு கருத்துகளுக்கும் சான்றுகள் உண்டு. ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவது எளிதன்று.

நுரையீரலில் நிகழ்வது

வைரசின் மேற்பரப்பில் முளைகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம், சுவாசப் பாதை உயிரணுக்களின் மேலுள்ள ஒரு வகைச் சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. இச்சர்க்கரை உயிரணுவுடன் பிணைந்துள்ள முறை மூக்கிலும் தொண்டையிலும் ஒருவிதமாகவும், நுரையீரலின் ஆழத்தில் பெரும்பாலும் மற்றொரு விதமாகவும் உள்ளது. ஆண்டுதோறும் வரும் வைரஸ்கள் மேற்பகுதியை நாடுகின்றன. எனவே இருமலிலும் தும்மலிலும் எளிதில் பரவுகின்றன. எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் ஆழத்தை நாடுகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது எளிதில் பரவாமைக்கும், பற்றியவரைக் கடுமையாக வாட்டுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

உயிரணுவுக்குள் புகுந்த வைரஸ் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான படிகளாகப் பெருகுகிறது. தாக்கப்பட்ட உயிரணு வாளாவிருப்பதில்லை. இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரந்து அண்டை உயிரணுக்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கை பெற்ற அவை நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கி, வைரஸ் நுழைவதையும் பெருகுவதையும் தடுக்க முற்படுகின்றன. இதனைத் தொடர்ந்து சைட்டோகைன்கள் எனப்படும் செய்திப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து வெள்ளணுக்களை அழைக்கின்றன. காய்ச்சல், உடல்வலி, சோர்வு ஆகியவை பெரும்பாலும் இச்செய்திப் பொருள்களால் விளைபவையே. நோயாளி 'காய்ச்சல்' என்று உணர்வது வைரசின் செயலைவிட மிகுதியாக, அதற்கு உடல் தரும் மறுமொழியைத்தான்.

வழக்கமாக இப்போர் மேல் சுவாசப் பாதையிலேயே முடிந்துவிடுகிறது. கடும் நோயில் அது காற்று நுண்ணறைகள் வரை இறங்குகிறது. இந்நுண்ணறைகளின் சுவர் மிக மெல்லியது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்த நுண்குழாய். பிராணவாயு இதனைக் கடந்தே இரத்தத்தை அடைகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பெருந்திரளாக அங்கே வந்து, கிருமிகளை அழிக்கத் தாம் வைத்திருக்கும் செரிபொருள்களைக் கொட்டும்போது, சுவரும் உடன் சிதைகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து நுண்ணறைகளை நிரப்புகிறது. வெளியே காற்று இருந்தும், நோயாளி உள்ளே நீரில் மூழ்கியவரைப் போலாகிறார். செயற்கைச் சுவாசப் பொறி தேவைப்படும் நிலை இதுவே. பாதுகாப்புத் திரை கிழிந்த இடத்தில் நிமோகாக்கஸ், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் வேரூன்றினால் நிலைமை மேலும் மோசமாகிறது.

இவ்விளக்கத்தின் பெரும்பகுதி எலிகளிலிருந்தும் சோதனைக் குழாய்களிலிருந்தும் பெறப்பட்டது. நோயுற்ற மனிதரில் எது முதலில், எது பின்னர் என்பதைக் கண்டறிய நோயாளிகளிடமே சென்றாக வேண்டும்.

ஹோ சி மின் நகரமும் லண்டனும்

இத்திசையில் குறிப்பிடத்தக்க ஓர் அடியை வியட்நாம் எடுத்து வைத்தது. ஹோ சி மின் நகரின் வெப்பமண்டல நோய் மருத்துவமனையும், அங்கேயே இயங்கும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுப் பிரிவும் இணைந்து, எச்5என்1 தொற்றிய 18 பேரை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டன. அவர்களுள் 13 பேர் இறந்தனர். இறந்தவர்களின் தொண்டையில் வைரஸ் மிகுதியாக இருந்தது. இரத்தத்தில் சைட்டோகைன்களும் மிகுந்திருந்தன. வைரசின் அளவும் அழற்சியின் அளவும் ஒன்றோடொன்று சேர்ந்தே உயர்ந்திருந்தமையால், வைரஸ் பெருகுவதைத் தொடக்கத்திலேயே தடுப்பதே முதற்கடமை என்று ஆய்வாளர்கள் கருதினர். 18 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் நோய் எங்கே தோன்றியதோ அங்கேயே, அந்நாட்டு மருத்துவர்களின் கைகளாலேயே செய்யப்பட்டது இவ்வாய்வின் சிறப்பு.

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் ஒரு புதிய எச்1என்1 வைரஸ் கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதனை உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. முதியோரைவிட இளைஞர்களும், கருவுற்ற பெண்களும், மிகுந்த உடற்பருமன் உடையோரும் இதில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது மருத்துவர்களுக்கு 1918ஐ நினைவூட்டியது. பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் வெல்கம் அறக்கட்டளையும் நிதி வழங்க, லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் பீட்டர் ஓப்பன்ஷாவின் தலைமையில் 'மொசைக்' என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. கடும் இன்ஃபுளுவென்சா எவ்வாறு நோயை விளைவிக்கிறது என்பதை அறிவதே அதன் நோக்கம். லண்டன், லிவர்பூல் நகர மருத்துவமனைகள் நோயாளிகளைச் சேர்த்தன. வைரஸ் இயல், எதிர்ப்பாற்றல் இயல், மரபணு இயல், பாக்டீரியா இயல், புள்ளியியல் எனப் பல துறையினர் ஒரே நோயாளியின் மாதிரிகளைப் பகிர்ந்து ஆராய்ந்தனர்.

இக்கூட்டமைப்பின் முறை எளியதாகத் தோன்றினாலும் நுட்பமானது. ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் மூன்று முறை மாதிரிகள் எடுக்கப்பட்டன. முதலாவது சேர்ந்தவுடன்; இரண்டாவது ஏறத்தாழ 48 மணி நேரம் கழித்து; மூன்றாவது குறைந்தது நான்கு வாரங்கள் சென்று, நோய் தணிந்த பின். மூன்றாவது மாதிரி இல்லையேல் நோயாளியின் இயல்பு நிலை எதுவென்று தெரியாது. ஒப்பிட ஏதும் இராது. வீடு திரும்பியவரை மீண்டும் வரவழைத்து இரத்தம் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை மருத்துவமனையில் பணியாற்றிய எவரும் அறிவர். நோயின் கடுமையும் ஒரே அளவுகோலால் மூன்று படிகளாக வகுக்கப்பட்டது: பிராணவாயு தேவைப்படாதோர், முகமூடி வழியே அது தேவைப்பட்டோர், சுவாசப் பொறி தேவைப்பட்டோர். ஒரு மருத்துவமனையின் 'கடும் நோய்' மற்றொன்றில் 'மிதமான நோய்' ஆகிவிடின், இரண்டையும் கூட்டிப் பயனில்லை அன்றோ?

131 நோயாளிகளின் இரத்தத்தில் எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதை ஆராய்ந்த முடிவுகள் 2018இல் வெளியாயின. சுவாசப் பொறி தேவைப்படாதவர்களிடம், நோயின் நான்காம் நாள் வரை இன்டர்ஃபெரான் சார்ந்த வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள் முனைப்பாக இயங்கின. பொறி தேவைப்பட்டவர்களிடமோ, நோயின் தொடக்க நாட்களிலேயே வேறொரு கோலம் தென்பட்டது. நியூட்ரோஃபில்களின் கிளர்ச்சி, அழற்சி, உயிரணுக்களின் நலிவு ஆகியவற்றைக் காட்டும் அக்கோலம், பாக்டீரியா தொற்றிய ஒருவரின் இரத்தத்தில் காணப்படுவதை ஒத்திருந்தது. ஆனால் அவர்களுள் பலரிடம் எந்த பாக்டீரியாவும் கண்டறியப்படவில்லை. பாக்டீரியா உண்மையாகவே இருந்தவர்களிடம் இக்கோலம் மேலும் வலுத்தது. தொடக்கத்து வைரஸ் எதிர்ப்புக் கோலம் மங்கியது. ஆகவே வைரசா, பாக்டீரியாவா, உடலின் சொந்தப் படையா என்று கேட்பதைவிட, எந்த நாளில் எது மேலோங்குகிறது என்று கேட்பதே சரியான கேள்வி எனத் தெரியவந்தது. ஒரே நோயாளிக்கு இரண்டாம் நாள் பொருந்தும் மருந்து எட்டாம் நாள் பொருந்தாமல் போகலாம்.

மரபணுவின் பங்கு

இதே கூட்டமைப்பின் நோயாளிகள் மற்றொரு கண்டுபிடிப்புக்கும் உதவினர். ஐஎஃப்ஐடிஎம்3 என்னும் புரதம் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைவதைத் தடுக்கிறது என்பது 2009இல் அமெரிக்கச் சோதனைச்சாலை ஒன்றில் அறியப்பட்டது. கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள வெல்கம் சாங்கர் நிறுவனத்தார் அம்மரபணு இல்லாத எலிகளை உருவாக்கியபோது, சாதாரண எலிகளை எளிதாகவே தாக்கும் வைரஸ்கூட அவற்றைக் கொடிய நிமோனியாவில் ஆழ்த்தியது. மனிதரிலும் அவ்வாறோ? மருத்துவமனையில் சேர்ந்த 53 நோயாளிகளின் மரபணு பரிசோதிக்கப்பட்டது. ஐரோப்பியரில் ஆயிரத்தில் மூவரிடம் மட்டுமே காணப்படும் ஒரு மாற்று வடிவம், இந்த 53 பேருள் மூவரிடம் இருந்தது. முடிவு 2012இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே பெய்ஜிங்கில் நடந்த ஆய்வில், கடும் நோயாளிகளுள் 69 சதவீதத்தினரும், மிதமான நோயாளிகளுள் 25 சதவீதத்தினரும் அவ்வடிவத்தை உடையவராக இருந்தனர். கிழக்காசிய மக்களிடையே அவ்வடிவம் இயல்பாகவே மிகுதி என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. பின்னர் அமெரிக்காவிலும் பிற இடங்களிலும் நடந்த சில ஆய்வுகளில் இத்தொடர்பு தென்படவில்லை. அம்மாற்றம் புரதத்தைக் குறுக்கிவிடுகிறது என்ற முதல் விளக்கமும் ஐயத்துக்குள்ளாயிற்று. மூவரைக் கொண்டு எழுப்பப்பட்ட முடிவு எத்துணை கவர்ச்சியானதாயினும், அதனைப் பல நாடுகளின் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்தாக வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

இன்டர்ஃபெரான் வழியின் முக்கியத்துவம் மட்டும் வேறு சான்றுகளாலும் உறுதிப்பட்டுள்ளது. உயிருக்கு ஆபத்தான இன்ஃபுளுவென்சாவால் பிரான்சில் 2011இல் பாதிக்கப்பட்ட இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றிடம், இன்டர்ஃபெரான் சுரப்புக்கு வேண்டிய ஐஆர்எஃப்7 என்னும் மரபணு இரு பிரதிகளிலும் பழுதுற்றிருந்தது 2015இல் வெளியிடப்பட்டது. 70 வயதுக்குட்பட்ட கடும் இன்ஃபுளுவென்சா நோயாளிகளுள் ஏறத்தாழ 5 சதவீதத்தினரின் இரத்தத்தில், தம் இன்டர்ஃபெரானையே செயலற்றதாக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தமை 2022இல் தெரியவந்தது. நோய் வரும்வரை இவர்கள் முழு நலத்துடன் வாழ்ந்தவர்களாகவே தோன்றியிருப்பர்.

தாமதமும் அதன் பாடமும்

மொசைக் கூட்டமைப்பின் வரலாற்றில் வெற்றியைவிடக் கூடுதலாக எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. நிதி ஒதுக்கீடு, நெறிமுறைக் குழுக்களின் இசைவு, ஒவ்வொரு மருத்துவமனையின் தனித்தனி அனுமதி, சுயநினைவற்ற நோயாளிக்காக ஒப்புதல் தருவது யார் என்பது பற்றிய விதிகள் இவையனைத்தும் முடிந்து பணி தொடங்குவதற்குள், 2009 கோடையில் பிரிட்டனில் எழுந்த முதல் அலை அடங்கிவிட்டது. நோயாளிகள் 2009–10, 2010–11 ஆகிய இரு குளிர்காலங்களில் சேர்க்கப்பட்டனர். இவ்விதிகள் தேவையற்றவை என்று எவரும் கூறார். நோயாளியின் உரிமையைக் காப்பவை அவையே. ஆனால் கொள்ளைநோய் வந்த பின் கோப்புகளை நகர்த்தத் தொடங்கினால், கோப்பு மேசைக்கு வருமுன் நோய் போய்விடும்.

இப்பட்டறிவின் விளைவாக 2011இல் 'ஐசாரிக்' என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு ஏற்பட்டது. எந்த நோய் வரும் என்று அறியாமலேயே, எந்த நோய்க்கும் பொருந்தும் செயல்முறைத் திட்டம் ஒன்றை அது முன்கூட்டியே வகுத்து, இசைவும் பெற்று வைத்தது. எந்த நாளில் எந்த மாதிரி, எந்தப் படிவத்தில் எந்த விவரம் என்பவை எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. 2020 ஜனவரியில் கோவிட் நோய் தோன்றியபோது பிரிட்டனில் அத்திட்டம் உடனே இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதத்திற்குள் 208 மருத்துவமனைகளில் சேர்ந்த 20,133 நோயாளிகளின் விவரங்கள் வெளியாயின. மொசைக் இரண்டு குளிர்காலங்களில் சேர்த்தது நூற்றுக்கணக்கானோரை. இதுவோ சில மாதங்களில் இருபதினாயிரத்தை எட்டியது. 2020 ஜூனில், விலை மலிந்த டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, சுவாசப் பொறியிலிருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்பதைப் பிரிட்டனின் 'ரெகவரி' சோதனை நிறுவியது.

கோவிட் நோய்க்குப் பயன்பட்ட அம்மருந்து கடும் இன்ஃபுளுவென்சாவுக்கும் பயன்படுமா? அவ்வாறு கருதிவிட இடமில்லை. ஸ்டீராய்டு பெற்ற இன்ஃபுளுவென்சா நோயாளிகளிடையே இறப்பு மிகுந்திருந்ததாகப் பல பதிவாய்வுகள் காட்டின. ஆனால் மிகவும் மோசமான நிலையில் இருந்தவர்களுக்கே மருத்துவர்கள் அதனைக் கொடுத்திருக்கலாமாகையால், மருந்து கொன்றதா, நோய் கொன்றதா என்பதை அவற்றிலிருந்து பிரித்தறிய இயலாது. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்தும் சோதனையே இதற்கு விடை தரும். ரெகவரி அமைப்பே பின்னர் இன்ஃபுளுவென்சாவையும் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டது.

வைரசைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிய அறிவும் கூட்டுறவாலேயே வளர்ந்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்க, 38 நாடுகளில் 2009–11 காலத்தில் மருத்துவமனையில் சேர்ந்த 29,234 பேரின் விவரங்கள் ஒன்றாக்கப்பட்டு 2014இல் முடிவு வெளியாயிற்று. ஆசெல்டாமிவிர் போன்ற மருந்தை நோய் தொடங்கி இரண்டு நாட்களுக்குள் பெற்றவர்களின் இறப்பு அபாயம், தாமதமாகப் பெற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. இவ்வாய்வுக்கான நிதி மருந்தைத் தயாரிக்கும் நிறுவனத்திடமிருந்தே வந்தது என்பதையும், இதுவும் குலுக்கல் முறைச் சோதனை அன்று என்பதையும் படிப்போர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மாதிரிகள் யாருக்கு உரியவை?

கூட்டாய்வு என்ற சொல் இனிமையானது. அதனுள் சமமின்மையும் மறைந்திருக்கலாம். 2007இன் தொடக்கத்தில் இந்தோனேசியா தன் எச்5என்1 மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு வலைக்கு அனுப்ப மறுத்தது. தான் இலவசமாக அளிக்கும் வைரசிலிருந்து பிறர் தடுப்பு மருந்து தயாரித்து, தன் மக்கள் வாங்கவியலாத விலையில் விற்கின்றனர் என்பது அதன் குறை. பணக்கார நாடுகள் இதைப் பொறுப்பற்ற செயல் எனக் கண்டித்தன. ஆனால் குறையில் நியாயம் இருந்தது. நீண்ட பேச்சுகளுக்குப் பின், 2011 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஒரு நெறிமுறை ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. அதன்படி வைரசைப் பகிர்வதும், அதனால் விளையும் தடுப்பு மருந்து, மருந்து, நிதி ஆகியவற்றைப் பகிர்வதும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. நோயாளிகளைத் தருவது ஒரு நாடு, ஆய்வுக் கட்டுரையும் காப்புரிமையும் பெறுவது மற்றொரு நாடு என்ற நிலை நீடித்தால் எந்தக் கூட்டும் நிலைக்காது. இந்தியாவிலும் வெளிநாட்டாருடன் இணைந்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளைச் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு ஒன்று பரிசீலித்து இசைவளிக்கும் முறை உள்ளது.

இந்தியாவின் வாய்ப்பு

1952இல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பட்ட புனேயின் தேசிய வைரஸ் இயல் நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் நாட்டின் இன்ஃபுளுவென்சா கண்காணிப்புக்கு மையமாக விளங்குகிறது. 2009 ஆகஸ்டில் புதிய எச்1என்1 வைரசால் இந்தியாவில் முதல் இறப்பு நிகழ்ந்ததும் அந்நகரிலேயே. 2015இல் அவ்வைரஸ் மீண்டும் தலைதூக்கியபோது நாடெங்கும் 40,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 2,900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சோதனைச்சாலைகளின் வலை அதன்பின் வெகுவாக விரிந்துள்ளது. வைரசை இனங்காணும் திறன் மாவட்டங்கள் வரை எட்டியுள்ளது.

இனங்காண்பது முதற்படியே. மூன்று முறை மாதிரி எடுத்து, நோயின் நாளைக் குறித்து, ஒரே அளவுகோலால் கடுமையை அளந்து, குளிரூட்டியில் காத்து, நான்கு வாரங்கள் கழித்து நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டுவது வேறுவகைப் பணி. இதற்கு வேண்டியவர்கள் பேரறிஞர்கள் மட்டுமல்லர். இரவுப் பணியிலுள்ள செவிலியரும், மாதிரியை எடுத்துச் செல்லும் ஊழியரும், அனுமதிக் கோப்பை முன்கூட்டியே முடித்து வைக்கும் அலுவலரும் ஆவர்.

இவ்வகையில் இந்தியாவுக்குப் பிரிட்டனுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. அங்கு இன்ஃபுளுவென்சா பெரும்பாலும் குளிர்காலத்து நோய். பருவம் முடிந்தால் ஆய்வும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். இந்தியாவிலோ அதன் உச்சம் இடத்திற்கு இடம் மாறுகிறது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற நகரங்களில் மழைக்காலமாகிய ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நோயாளிகள் மிகுகின்றனர். தடுப்பூசியை எந்த மாதத்தில் போடுவது என்ற கேள்வியில் இது ஒரு சிக்கல். கூட்டாய்வுக்கோ இதுவே துணை. ஸ்ரீநகர் முதல் வேலூர் வரையுள்ள மருத்துவமனைகள் ஒரே செயல்முறைத் திட்டத்தின்கீழ் இணைந்தால், ஓரிடத்தில் பருவம் ஓய்ந்த சில மாதங்களில் மற்றோரிடத்தில் அது தொடங்கியிருக்கும். பயிற்சி பெற்றவர்களின் கைகளும் ஆண்டு முழுவதும் ஓயாது.